பிலிப்பைன்ஸ் பத்தியம்

“டாக்டர் இருக்காருங்களா?”

வாசலில் நின்று கேட்டவள் பாஞ்சாலை. தறிகளுக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்கிறவள். கையில் எவர்சில்வர் தூக்கு வைத்திருந்தாள்.

“இது ஓட்டல்மா, டாக்டர்லாம் இல்ல” என்று தனசேகரன் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. சொல்வதற்காக வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் டாக்டர் என்ற அந்த ஒரு வார்த்தையைத் தன் வீட்டு வாசலில் அடுத்தவர் வாயால் கேட்பதற்காகத்தான் அவர் பாதி ஆயுசைத் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு கழித்திருந்தார்.

“இருக்காரு” என்றார்.

“சர்க்கர ஜாஸ்தியாயிடுச்சுங்க. இங்க ஏதோ கீரச் சாப்பாடு குடுக்கறாங்களாம், ஒடம்புக்கு நல்லதாம்னு பேசிக்கினாங்க.”

“டாக்டர் குடுக்கறதுன்னா சும்மாவா? உக்காரு.”

உள்ளே டாக்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைப்பூவில் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

தனசேகரனின் மகன் கோகுல்ராஜ் மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸில், டாவோ என்ற ஊரில். படித்துப் பட்டமும் வாங்கிவிட்டான். ஆனால் வெளிநாட்டில் படித்தவன் இங்கே வந்து ஒரு பரீட்சை எழுதித் தேறினால்தான் ஊசியைத் தொடலாம். எழுதினான், தேறவில்லை. மறுபடி எழுதினான், அப்போதும் தேறவில்லை. “இன்னொரு வாட்டி எழுதுடா” என்று தனசேகரன் சொன்ன அன்றைக்குத்தான், “வேணாம்ப்பா, எனக்கு அதுல மனசே இல்ல. நான் சமைக்கிறேன்” என்றான்.

தனசேகரன் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ மூக்கு வழியாக வெளியே வந்தது.

பையன் ஊர் திரும்புவதற்கு முன்பே அவர் கிளினிக்கைத் தயார் செய்து வைத்திருந்தார். தெருவைப் பார்த்த முன்கட்டில் ஓடிக்கொண்டிருந்த தறிகளை விற்றார். குழியை மூடி டைல்ஸ் ஒட்டினார். நோயாளிகள் உட்கார பெஞ்சு, படுக்கவைத்துப் பார்க்க உயரமான கட்டில், மறைப்புக்குப் பச்சைத் துணித் திரை, சுவரில் மனிதக் குடலின் கலர் படம். ஒரு டாக்டர் மட்டும்தான் பாக்கி.

அந்தக் கிளினிக்கில்தான் பையன் ஓட்டல் திறந்தான். ஜனங்கள் குடல் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வாசலில் அவனே எழுதி மாட்டிய சின்னப் பலகை: ‘வேர். பிலிப்பைன்ஸ் உணவகம். இங்கே கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய், தேன் கிடையாது.’

“ஓட்டல்காரன் இன்னா கெடைக்கும்னு எழுதுவான்” என்று தனசேகரன் அன்றைக்கே கத்தினார். “இன்னா இன்னா கெடைக்காதுன்னு எழுதி வச்ச மொத ஆளு நீதான்டா.”

“அதுக்குப் பேரு வீகன்ப்பா. ஒரு உசுருகிட்ட இருந்தும் எதையும் புடுங்கித் தின்னாம இருக்கறது.”

“பிலிப்பைன்ஸ்காரன் பன்னி தின்றவன்னு நீதானடா போன்ல சொன்னே?”

“எல்லாரும் இல்லப்பா. நான் தங்கின வீட்டுக்கார அம்மா, லூஸ்னு பேரு, அந்த ஆன்ட்டி தொடமாட்டாங்க. அவங்க ஊரு சாப்பாடு அத்தனையும் கறி மீனு இல்லாமயே செய்வாங்க. மொத நாளு எனக்குப் போட்டது இன்னா தெரியுமா? பாசிப்பயறும் முருங்கக்கீரையும். ஒரு வாய் வச்சதும் அழுதுட்டேன்ப்பா. நம்ம சோறு. நாம வுட்டுட்ட சோறு. என் வேரு எதுன்னு அங்க போய்தான் தெரிஞ்சுது.”

“முருங்கக்கீர தின்ன ஏரோபிளேன் ஏறினியா? பின்னாடி மரம் நிக்குதேடா!”

“அங்க அதுக்குப் பேரு மலுங்காய்ப்பா. முருங்கை, மலுங்காய். பாத்தியா?”

“பாக்கறேன். நல்லா பாத்துகினுதான் கீறேன்.”

தனசேகரனுக்குக் கோபம் கீரைமேல் இல்லை. பிள்ளைப் பிராயத்தில் அவர் தின்றதெல்லாம் அதுதான். நாள் தவறாமல் பயறும் கீரையும், புளித்தண்ணீரும், யார் தோட்டத்திலோ கேட்டு வாங்கிய பலாக்காயும். பால் இல்லை, நெய் இல்லை, பொங்கலுக்குப் பொங்கல் கறி.

“நாங்க அப்படித் தின்ன காலத்துக்குப் பேரு பஞ்சம்டா. அத ஒழிக்கத்தான் நான் மிதிக்கட்டைய மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சேன். நீ கடல் தாண்டிப் போயி அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேர வச்சு திரும்பக் கூட்டிகினு வந்திருக்கே.”

அன்றிலிருந்து அவர் மகன் சமைத்த எதையும் வாயில் வைக்கவில்லை. கடை நொடித்துப் போகும், பையன் புத்தகத்தை எடுப்பான் என்று காத்திருந்தார். உண்மையில் கடை நொடித்துக்கொண்டுதான் இருந்தது. பாஞ்சாலை வந்த அன்றுவரை.

பாஞ்சாலை பயறும் கீரையும் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் தன் தெருவையே அழைத்துக்கொண்டு வந்தாள்.

“டாக்டர் சாப்பாடு குடுங்க.”

பெஞ்சில் இடம் இல்லை. வாசல்படி வரை ஆட்கள். எல்லாருக்கும் சர்க்கரை, இல்லாவிட்டால் பிரஷர், அதுவும் இல்லாவிட்டால் மூட்டு வலி. தனசேகரன் தலைகளை எண்ணிப் பார்த்தார். இப்படியே போனால் கடை ஓடிவிடும்.

ஆட்களை விரட்ட அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வாசலில் நின்றுகொண்டார்.

“இத பாருங்க, இது ருசிக்குத் தின்ற சாப்பாடு இல்ல. பத்தியம். பிலிப்பைன்ஸ் பத்தியம். பாவக்கா கசக்கும். புளி பல்லு கூசும். மீனு கெடையாது, ஆனா மீனு நாத்தம் மட்டும் வரும்.”

கடைசியாகச் சொன்னது பொய் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்களாம். இவன் அதற்குப் பதிலாகக் காளானை உப்பில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினான். மீனே போடாமல் நாற்றத்தை மட்டும் எதற்கடா போடுகிறாய் என்று அவர் கேட்டபோது அவன் இன்னொரு கரண்டி ஊற்றினான்.

கூட்டம் கலையவில்லை. இன்னும் நெருங்கி நின்றது.

“கசந்தாதான மருந்து” என்றார் ஒருவர்.

“நாறுது பாரு. அப்ப வேல செய்யும்” என்றார் இன்னொருவர்.

தங்கள் ஊரான ஆரணியில் பிரியாணி விற்பதுபோல் வேறொன்று விற்கும் என்றால் அது பத்தியம்தான் என்பது தனசேகரனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் பக்கத்துச் சேவூரிலிருந்து ஆள் வந்தது. அதற்கு மறுநாள் ஒரு வேனே வந்தது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த அவர் டோக்கன் போட்டார். டோக்கன் கையில் கிடைத்ததும் ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்தபடி நடந்துகொண்டார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள், முனகினார்கள், நம்பர் கூப்பிட்டதும் உள்ளே போய் வாயை ஆவென்று திறந்தார்கள்.

கோகுல்ராஜ் கரண்டியோடு வெளியே ஓடி வந்தான்.

“அப்பா, சாப்பாடு வாங்க வந்தவங்க எதுக்குப்பா நாக்க நீட்டறாங்க?”

“பசியில நீட்டறாங்க. போட்டு அனுப்பு.”

“ஒருத்தர் சட்டையக் கழட்டிட்டு கட்டில்மேல படுத்துக்கினாருப்பா!”

அவன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். “ஐயா, நான் டாக்டர் இல்ல. இது வெறும் சாப்பாடு. ஜிஹெச்சுல குடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க. எதுன்னாலும் அங்க போய்க் காட்டுங்க.”

வெளியே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்: “நான் டாக்டரே இல்லன்றாரு. எவ்ளோ தன்னடக்கம் பாரு! சின்னச் சின்ன டாக்டருங்கதான் நான் டாக்டரு நான் டாக்டருன்னு குதிப்பாங்க.”

தனசேகரனின் மனைவி ஜெயம் தேங்காய் துருவிக்கொண்டே சிரித்தாள்.

“இன்னாத்துக்கு சிரிக்கிறே?”

“கடைய மூட வைக்கிறேன்னு கெளம்பினீங்களே. பேஷா மூட வச்சிருக்கீங்க. தேங்கா பத்தல, இன்னும் ஒரு மூட்ட எறக்கச் சொல்லுங்க.”

இந்த நேரத்தில்தான் கல்யாணத் தரகர் பன்னீர்செல்வம் வந்தார். தேசூர்ப் பக்கம் ஒரு பெண். பெயர் சுபலட்சுமி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். நிஜ டாக்டர். ஒரே மகள். அப்பா லோகநாதனுக்கு நிலபுலம் உண்டு. ஜாதகம் பொருந்தியிருக்கிறது.

தனசேகரன் எழுந்து நின்றுவிட்டார்.

“டாக்டர் பொண்ணா? நம்ம புள்ளைக்கா?”

“வர்ற வியாழக்கெழம நல்ல நாளு. வீடு பாக்க வர்றாங்க. பொண்ணுக்கு டூட்டி, அவ வரல. அப்பாவும் அம்மாவும் வர்றாங்க.”

“எங்க புள்ளயப் பத்தி இன்னா சொல்லி வச்சிருக்கே?”

“இருக்கறத இருக்கறபடி சொல்லிட்டேண்ணே. அவங்களுக்குப் பூரண திருப்தி.”

தரகர் இருக்கிறதை இருக்கிறபடி சொல்வதாவது. தனசேகரனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பூரண திருப்தி என்று எந்தத் தரகன் சொன்னாலும் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். டாக்டர் பெண்ணைக் கொடுக்கிறவர்கள் டாக்டர் மாப்பிள்ளை கேட்காமல் வேறென்ன கேட்பார்கள்? இந்த ஆள் டாக்டர் என்றுதான் சொல்லி வைத்திருப்பான். வந்து பார்த்தால் பையன் பலாக்காய் வெட்டிக்கொண்டு நிற்பான். காறித் துப்பிவிட்டுப் போவார்கள். மருமகளாவது ஒரு டாக்டர் என்று இந்த வீட்டு வாசலில் பெயர் தொங்குமே, அந்த ஒரே வாய்ப்பும் போய்விடும்.

“ஒரு மணி நேரம்தான ஜெயம். வர்றாங்க, பாக்கறாங்க, காப்பி குடிக்கறாங்க, போறாங்க. அந்த ஒரு மணி நேரம் இது கிளினிக்கா இருந்துட்டா போதும்.”

“அப்புறம்?”

“அப்புறம் கல்யாணம் ஆயிடும்.”

“அப்புறம்?”

“உன்கிட்ட பேசறதே பேஜாரு.”

புதன்கிழமை காலையில் மகனிடம் பட்டு வேட்டியை நீட்டினார். தானே நெய்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“பட்டு வேணாம்ப்பா. புழுவ உசுரோட கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கற நூலு.”

“அந்தப் புழுதான்டா உனக்கு பீஸு கட்டுச்சு! டிக்கெட்டு எடுத்துச்சு! பிலிப்பைன்ஸுல நீ தின்ன பயறு, கீர அத்தனையும் அந்தப் புழு வாங்கிக் குடுத்தது!”

“அதனாலதாம்ப்பா பாவமா இருக்குது. பருத்தி கட்டிக்கிறேனே.”

இவனோடு பேசிப் பயனில்லை. நாளைக்கு வருகிறவர்களுக்கு நல்ல விருந்தாக வேண்டும் என்று சொல்லி, வாழைப்பூவும் இளம் பலாக்காயும் வாங்கிவர அவனைச் சந்தவாசல் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார். சிநேகிதன் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் பெயின்டரைக் கூப்பிட்டார். சாயங்காலம், பஸ்கள் போகிற ரோட்டைப் பார்த்து, வீட்டு அகலத்துக்குப் புதுப் பலகை ஏறியது.

‘டாக்டர் த. கோகுல்ராஜ், எம்.பி.பி.எஸ். (பிலிப்பைன்ஸ்). சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு நோய் நிபுணர்.’

நிபுணர் என்பது பெயின்டர் சொந்தமாகச் சேர்த்தது. இடம் காலியாக இருந்ததாம். அழிக்க வேண்டாம் என்று தனசேகரனும் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. அண்டா, குண்டான், வாணலி எல்லாம் உயரமான கட்டிலுக்கு அடியில், பச்சைத் திரைக்குப் பின்னால். வேர் பலகை பரண்மேல். மேசைமேல் ஸ்டெதாஸ்கோப். ஜெயம் மட்டும் அடுக்களையில் காலை வியாபாரத்துக்குப் பயறை இறக்கி வைத்திருந்தாள். அதையும் சூடாகத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“கைய சுட்டுக்கினீங்களா?”

“நீ பேசாம பொடவ மாத்திகினு வா.”

லோகநாதனும் அவர் மனைவி குணசுந்தரியும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கினார்கள். லோகநாதன் வாசலில் நின்று பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். முகத்தில் மலர்ச்சி இல்லை. குணசுந்தரி பலகையைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“டாக்டர் ஒரு அவசர கேஸு பாக்கப் போயிருக்காரு. வந்துகினே இருக்காரு” என்றார் தனசேகரன்.

“அப்படிங்களா” என்றார் லோகநாதன்.

அந்த நேரத்தில் பாஞ்சாலையும் மற்றவர்களும் தூக்குகளோடு வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தனசேகரனுக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. நோயாளி இல்லாத கிளினிக் கிளினிக்கா?

“கூட்டம் ஜாஸ்திதான்” என்றார் லோகநாதன். குரலில் ஏதோ இழவு வீட்டில் விசாரிப்பதுபோல் இருந்தது.

“பகல்ல கால் வைக்க எடம் இருக்காதுங்க.”

“எல்லாரும் தூக்கு எடுத்துகினு வந்திருக்காங்களே?”

“அது… மருந்து வாங்கிப்போக.”

“தூக்கு நெறையவா?”

“வீரியம் கம்மியா குடுப்பாரு. கொஞ்சம் அளவு ஜாஸ்தி ஆவும்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து பூண்டு தாளித்த வாசம் கிளம்பி அறையை நிறைத்தது. லோகநாதன் மூக்கை விரித்து இழுத்தார். முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம்.

“சமையல் வாசமாட்டம் வருதுங்களே?”

“கஷாயங்க! பூண்டு கஷாயம்!”

வெளிச்சம் அணைந்தது.

“தம்பிக்கு வேற எதுனா… பழக்கம் வழக்கம்?” என்று அவர் மெல்லக் கேட்டார்.

“ஒரு பழக்கமும் கெடையாதுங்க. புஸ்தகம் உண்டு, நோயாளி உண்டு. அடுப்பங்கர எந்தப் பக்கம் கீதுன்னுகூட தெரியாத புள்ள.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனசேகரன் அதைப் பெருமிதம் என்று நினைத்தார்.

“ஐயா, பசிக்குது. ஜல்தி ஊத்துங்க” என்றாள் பாஞ்சாலை.

“மருந்து வேளைக்குத்தான் குடுக்கணும்மா. பேசாம உக்காரு.”

“நேத்து ரெண்டாவது கரண்டி ஊத்தல. அதையும் சேத்து ஊத்தச் சொல்லுங்க. ஊறுகா இருந்தா அதுலயும் ரவ வைக்கச் சொல்லுங்க.”

அந்த நேரத்தில் கோகுல்ராஜ் வந்து இறங்கினான். வண்டியின் முன்னால் பலாக்காய், பின்னால் ஒரு சாக்கு வாழைப்பூ. பலகையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி பலகையைப் பார்த்தான்.

“அப்பா, இது இன்னாப்பா?”

தனசேகரன் பாய்ந்து போய் ஸ்டெதாஸ்கோப்பை அவன் கழுத்தில் மாட்டினார். “வாயத் தொறக்காத. ஒரு மணி நேரம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு உள்பக்கம் திரும்பி, “டாக்டர் வந்துட்டாரு!” என்று அறிவித்தார்.

வண்டிக்குப் பின்னாலேயே ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர்களில் ஒருவர் கண்ணாடி போட்ட மருத்துவத் துறை அதிகாரி. இன்னொருவர் போலீஸ்காரர்.

“இங்க டாக்டர் கோகுல்ராஜ்ன்றது யாரு?”

“இவர்தாங்க!” என்று பெஞ்சு மொத்தமும் ஒரே குரலில் காட்டிக் கொடுத்தது.

“போலி டாக்டர் வைத்தியம் பாக்கறதா புகார் வந்திருக்குது. இங்க தகுதிப் பரீட்சை தேறிட்டீங்களா? பதிவு நம்பர் சொல்லுங்க.”

கோகுல்ராஜ் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்ற முயன்றான். அது வாழைப்பூச் சாக்கின் கயிற்றில் மாட்டிக்கொண்டது.

“தேறல சார். நான் டாக்டர் இல்ல சார்.”

“தன்னடக்கம்ங்க” என்றாள் பாஞ்சாலை அதிகாரியிடம். “தெனம் இப்படித்தான் சொல்வாரு. நீங்க நம்பாதீங்க.”

“உனக்கு இவர் மருந்து குடுத்தாராம்மா?”

“தெனம் ரெண்டு கரண்டிங்க. தங்கமான டாக்டரு. ஊசியே போடமாட்டாரு.”

“எனக்கு முட்டி வலியே போச்சு” என்றார் பக்கத்தில் இருந்தவர். “அந்தக் கட்டில்லதான் படுக்க வச்சுப் பாத்தாரு.”

“நானா படுக்க வச்சேன்? நீங்களா ஏறிப் படுத்தீங்க!” என்று கோகுல்ராஜ் அலறினான்.

அதிகாரி பலகையை ஒரு போட்டோ எடுத்தார். கட்டிலை ஒரு போட்டோ எடுத்தார். குடல் படத்தையும் எடுத்தார். போலீஸ்காரர் கோகுல்ராஜின் முழங்கையைப் பிடித்து, “வண்டியில ஏறுங்க தம்பி” என்றார்.

தனசேகரன் சம்பந்தியாக வேண்டியவர்களைப் பார்த்தார். மகனின் முழங்கையைப் பார்த்தார். வாழைப்பூக் கறை ஏறிக் கறுத்திருந்த அந்த விரல்களைப் பார்த்தார்.

“வுடுங்க சார் அவன! என் புள்ள டாக்டரே இல்ல! ஊருக்கே சொல்றேன், டாக்டர் இல்ல! சமையக்காரன்! சோறாக்கறவன்!”

“இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

“சொல்லல சார், காட்றேன்!”

பச்சைத் திரையை ஒரே இழுப்பில் கிழித்தார். கட்டிலுக்கு அடியில் புகுந்து அண்டாவை இழுத்தார், குண்டானை இழுத்தார், வாணலி, அகப்பை, தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் நடுக்கூடத்தில் பரப்பினார். ஆவி பறக்கும் பயறுக் குண்டானைத் திறந்தார்.

“இதான் சார் மருந்து. பயறும் முருங்கக்கீரையும். போர்டு எழுதினது நானு. டாக்டர்னு சொன்னது நானு. டோக்கன் போட்டது நானு. அவன் அன்னையிலேர்ந்து நான் டாக்டர் இல்லன்னுதான் கத்திகினு கீறான்.”

அதிகாரி குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். “இதுல பொடி எதுனா கலந்து குடுக்கறீங்களா? மாத்திர கீத்திர?”

“ஒண்ணும் இல்ல சார். சத்தியமா.”

“எப்படி நம்பறது?”

தனசேகரன் ஒரு தட்டை எடுத்தார். சோறு போட்டுப் பயறை ஊற்றினார். எல்லார் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, திறந்த நாளிலிருந்து தொடமாட்டேன் என்று வைராக்கியம் பிடித்த சாப்பாட்டைப் பிசைந்து வாயில் போட்டார்.

மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

“இன்னாங்க?” என்றாள் ஜெயம் பயந்துபோய்.

“அதே எழவுதான்” என்றார் தனசேகரன். அவருக்கு மூக்கு ஒழுகியது. “கதி இல்லாத காலத்துல தின்னனே, அதே எழவுதான். ஒரு ருசியும் மாறல.” தட்டை நீட்டினார். “இன்னும் ஒரு கரண்டி ஊத்து.”

ஜெயம் ஊற்றினாள். அதிகாரிக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். அவர் கடமைக்காக ஒரு வாய் வைத்தார். பிறகு போலீஸ்காரருக்கும் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். கோகுல்ராஜ் உணவு உரிமச் சான்றை எடுத்து வந்து காட்டினான். அதில் ‘உணவகம்’ என்றுதான் இருந்தது.

“போர்ட இப்பவே எறக்குங்க” என்றார் அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு. “ஸ்டெதாஸ்கோப்பு, கட்டில் எதுவும் இங்க இருக்கக் கூடாது. மறுபடி புகார் வந்தா அப்பா, புள்ள ரெண்டு பேரும் உள்ள போவீங்க.” படியிறங்கியவர் திரும்பினார். “பார்சல் உண்டா?”

ஜீப் போனது. பாஞ்சாலை முதலானவர்கள் தூக்குகளை நிரப்பிக்கொண்டு, “போலீஸே வாங்கிகினு போவுது பாரு” என்று பேசியபடி போனார்கள்.

கூடத்தில் அண்டாக்களுக்கு நடுவே லோகநாதனும் குணசுந்தரியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். தனசேகரன் எச்சில் கையோடு அவர்கள் முன்னால் போய் நின்றார்.

“மன்னிச்சிக்குங்க. தரகர் உங்ககிட்ட இன்னா சொன்னாரோ. நீங்க பாத்ததுதான். என் புள்ள டாக்டர் இல்ல, இனிமேலும் ஆவப்போறது இல்ல. வாழைப்பூ ஆயறவன். டாக்டருக்குப் படிச்ச பொண்ண இங்க குடுங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. காப்பியாச்சும் குடிச்சிட்டுப் போங்க. பாலு கெடையாது, தேங்காப்பாலுதான்.”

லோகநாதன் மனைவியைப் பார்த்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத குணசுந்தரி எழுந்து, பையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குண்டான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா” என்றாள். “எங்க வீட்டு டாக்டருக்கு வெந்நி வைக்கத் தெரியாது, சமைக்கிற மாப்பிள்ளன்னு தரகர் சொன்னதும் குலதெய்வத்துக்குப் பொங்க வைக்கிறேன்னு வேண்டிகினேன், நேத்து சாயங்காலம் பஸ்ல போறேன், உங்க புள்ள பேரு போட்டு டாக்டர்னு இவ்ளோ பெரிய போர்டு தொங்குது, வீட்டுல ரெண்டு டாக்டர வச்சிகினு சோத்துக்கு இன்னா பண்றதுன்னு வயிறு எரிஞ்சுது, அதான் எது நெசம்னு பாத்துடலாம்னு புகார் குடுத்ததே நான்தான்.”